தீம் பார்க்கில் குளூட்டன் இல்லாமல் சாப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்குச் சீலியாக் நோய் (குளூட்டன் சாப்பிட்டால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) என்று தெரிந்தபோது அவளுக்கு ஆறு வயது. அதற்குப் பிறகும் நாங்கள் தீம் பார்க் போவதை நிறுத்தவில்லை. அதனாலேயோ என்னவோ, தெரிந்தவர்கள் வீட்டில் யாருக்காவது குளூட்டன் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டால், விடுமுறைக்கு ஒரு வாரம் முன்னால் எனக்குப் போன் வந்துவிடும். கேட்பது பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசுவதற்குப் பதில் இனி இதை அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்து எழுதிவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. பரிசோதனை, மருந்து பற்றியெல்லாம் உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

"குளூட்டன்னா கோதுமைதானே அக்கா? கோதுமை இல்லாத ஐட்டமா பாத்து வாங்கினா போதாதா?"

பாதி சரி. கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் உள்ள புரதம்தான் குளூட்டன். மைதா, ரவை, டூரம், ஸ்பெல்ட் என்று எந்தப் பெயரில் வந்தாலும் அது கோதுமைதான். ஆனால் தீம் பார்க்கில் நம்மை ஏமாற்றுவது பார்லி. மால்ட் என்ற பெயரில் மில்க் ஷேக்கில் இருக்கும், சாக்லெட் உருண்டைக்குள் மொறுமொறுப்பாக இருக்கும், மால்ட் வினிகராக ஃப்ரைஸ் மேல் தெளித்திருக்கும்.

ஓட்ஸ் தனிக் கதை. இயல்பாக அதில் குளூட்டன் கிடையாது. ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுகிறது. குளூட்டன் இல்லாதது என்று தனியாகச் சான்று பெற்ற ஓட்ஸ் கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. பார்க்கில் கிடைக்கும் ஓட்ஸ் பிஸ்கெட்டை நான் தொடுவதே இல்லை.

"கொஞ்சூண்டு பட்டா என்ன ஆயிடப் போவுது?"

யாருக்கு என்பதைப் பொறுத்தது. சீலியாக் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்கும் நோய். உலகில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு நாளில் 10 மில்லிகிராம் வரை குளூட்டன் போனால் பாதிப்பு வராது என்பதுதான் ஆய்வுகளை வைத்துச் சொல்லப்படும் கணக்கு. ஒரு ஸ்லைஸ் ரொட்டியில் சுமார் 2,000 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். அப்படியானால் ஒரு ஸ்லைஸை 200 பங்காக்கி அதில் ஒரு பங்கு. தட்டில் ஒட்டியிருக்கும் துணுக்கு போதும்.

வயிறு வலிக்கவில்லை என்றால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தமில்லை. வெளியே எதுவும் தெரியாமலே குடல் பாதிக்கப்படுகிறவர்கள் உண்டு. கோதுமை அலர்ஜி வேறு நோய். அதில் சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறல் வரலாம். இரண்டும் இல்லாமல் குளூட்டன் சாப்பிட்டால் உடம்பு படுத்துகிறது என்பவர்கள் மூன்றாவது வகை. இவர்களில் நீங்கள் யார் என்று தெரிந்தால்தான் கீழே உள்ளவற்றில் எவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியும். நான் சீலியாக்கை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

"மெனுவிலயே குளூட்டன் ஃப்ரீன்னு போட்டிருக்கான். அப்புறம் என்ன சந்தேகம்?"

அந்தச் சொல்லுக்கு ஓர் அளவு இருக்கிறது: ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இது உணவகத்தில் பரிமாறும் சாப்பாட்டுக்கும் பொருந்தும் சட்டம். அமெரிக்காவில் 2013 இல் வந்த விதி முதன்மையாகப் பாக்கெட் உணவுக்கானது. ஆகவே, ஒரே சொல்லுக்கு எல்லா ஊரிலும் ஒரே பலம் கிடையாது.

இன்னொன்று, சொல்லை உன்னிப்பாகப் பாருங்கள். 'குளூட்டன் ஃப்ரெண்ட்லி', 'குளூட்டன் சேர்க்காமல் செய்தது' என்றெல்லாம் எழுதியிருந்தால், சேர்மானத்தில் கோதுமை இல்லை, மற்றபடி எங்கள் சமையலறைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பொருள். 2019 இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க உணவகங்களில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று விற்ற உணவை வாடிக்கையாளர்களே கையடக்கக் கருவியால் சோதித்த 5,624 முடிவுகளைத் தொகுத்திருந்தார்கள். 32 சதவீதத்தில் குளூட்டன் தென்பட்டது. சந்தேகம் வருகிற உணவைத்தான் ஆட்கள் அதிகம் சோதிப்பார்கள் என்பதால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மெனுவில் எழுதியிருப்பது மட்டும் போதாது என்று காட்ட அது போதும்.

"கிளம்பறதுக்கு முன்னாடியே எதாவது பண்ணலாமா?"

பாதி வேலை அங்கேதான். பார்க்கின் இணையதளத்தில் ஒவ்வாமை அட்டவணை இருக்கிறதா பாருங்கள். எந்த உணவில் எது இருக்கிறது என்று கட்டம் போட்டுக் காட்டியிருப்பார்கள். அதில் தேதி பழையதாக இருந்தால் நம்ப வேண்டாம், சீசனுக்குச் சீசன் மெனு மாறும். பிறகு இரண்டு வாரம் முன்னால் வாடிக்கையாளர் சேவைக்கு மெயில் போடுங்கள். 'குளூட்டன் இல்லாத உணவு இருக்கிறதா' என்று கேட்டால் 'இருக்கிறது' என்று மட்டும்தான் பதில் வரும். 'எந்தெந்த உணவகத்தில் பொரிக்க தனி எண்ணெய் இருக்கிறது' என்று கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே அந்த இடம் தெரிந்துவிடும்.

உட்கார்ந்து சாப்பிடும் உணவகமாக இருந்தால் டேபிள் முன்பதிவிலேயே குறிப்பிடுங்கள். புளோரிடாவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டு மாதிரி இடங்களில் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தனி மெனுவே உண்டு. கேட்டால் செஃபோ பயிற்சி பெற்ற ஊழியரோ வந்து பேசுவார். எல்லாப் பார்க்கிலும் அதை எதிர்பார்க்க முடியாது.

"வெளிச் சாப்பாடு உள்ள விடமாட்டாங்களே?"

மருத்துவக் காரணம் என்றால் பெரும்பாலான பார்க்குகள் விடுகின்றன. அதையும் மேலே சொன்ன மெயிலிலேயே கேட்டு, வந்த பதிலைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பையைச் சோதிக்கிறவரிடம் வாதாடுவதைவிட அதைக் காட்டுவது சுலபம். டாக்டர் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம், உதிரி ஐஸ் வேண்டாம், உறைய வைத்த ஐஸ் பேக் போதும்.

உள்ளே கொண்டுபோவது வேறு, உணவகத்துக்குள் உட்கார்ந்து பிரிப்பது வேறு. 2017 இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், பழங்காலத்தை அப்படியே காட்டும் ஒரு வரலாற்றுப் பூங்காவுக்குப் பள்ளிச் சுற்றுலா போன, குளூட்டன் ஆகாத 11 வயதுப் பையனை, வீட்டுச் சாப்பாட்டை உணவகத்துக்குள் சாப்பிடக் கூடாது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அவன் தரப்பில் போட்ட வழக்கு கீழ் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆனால் 2019 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இதை ஜூரி விசாரிக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. சட்டத்துக்கே இது சிக்கலான விஷயம். நான் உட்காரும் முன்பே மேனேஜரிடம் சொல்லிவிடுவேன்: "நாங்கள் மூன்று பேர் இங்கே ஆர்டர் செய்கிறோம், இவள் மட்டும் டப்பாவில் சாப்பிடுவாள்." இதுவரை யாரும் மறுத்ததில்லை.

"ஃப்ரைஸ்ல உருளைக்கிழங்கும் உப்பும்தானே? அதுல என்ன இருக்கப் போவுது?"

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். உருளைக்கிழங்கில் ஒன்றும் இல்லை, எண்ணெயில்தான் விஷயம். நக்கெட்ஸ், வெங்காய வளையம், மாவில் தோய்த்த மீன், சுரோஸ் எல்லாம் பொரித்த எண்ணெயில்தான் ஃப்ரைஸும் விழுகிறது. எண்ணெய் அவ்வளவு சூட்டில் எல்லாவற்றையும் கொன்றுவிடாதா என்று அடுத்து கேட்பீர்கள். கொல்வதற்குக் குளூட்டன் கிருமி இல்லையே. அது புரதம். பொரிக்கிற சூட்டில் அது நமக்கு ஆபத்தில்லாததாக மாறிவிடாது. 2021 இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், பொது எண்ணெயில் பொரித்த 20 ஃப்ரைஸ் ஆர்டர்களைச் சோதித்தபோது 9 இல் குளூட்டன் இருந்தது.

'தனி எண்ணெய்தான்' என்று சொன்னாலும் இரண்டு கேள்வி பாக்கி. முதலாவது, உறைந்த ஃப்ரைஸ் மேல் மொறுமொறுப்புக்காக மாவு பூசியிருக்கிறார்களா? பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது, ராத்திரி எண்ணெயை வடிகட்டும் மெஷின் எல்லாத் தொட்டிக்கும் ஒன்றேதானா? ஒன்றே என்றால் மாவுத்துணுக்கு தனித் தொட்டிக்கும் போய்விடலாம். இந்தக் கேள்வியைக் கேட்டால் பல இடங்களில் முழிப்பார்கள், ஆனால் சரியான சமையல்காரர் உடனே பதில் சொல்வார்.

ஒரு பார்க்கில் கவுண்டருக்குப் பக்கவாட்டில் நின்று பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தொட்டி, ஒன்றின் மேல் ஊதா ஸ்டிக்கர். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கூட்டம் சேர்ந்ததும் பொதுத் தொட்டிக் கூடை எண்ணெய் வடிய ஸ்டிக்கர் ஒட்டிய தனித் தொட்டி மேல் தொங்கியது. அன்றைக்கு எங்களுக்கு ஆப்பிளும் டப்பாவும்தான்.

"பர்கரை பன் இல்லாம குடுங்கன்னு சொல்லிட்டா முடிஞ்சுதே?"

முடியவில்லை. பேட்டி (பன்னுக்கு நடுவே வைக்கும் வட்டமான இறைச்சித் துண்டு) பிடிப்பாக இருக்க ரொட்டித்தூள் சேர்த்திருக்கலாம். பன்னைச் சூடாக்கும் அதே தகட்டில்தான் பேட்டியும் வேகும். சமையல்காரர் பன்னைத் தொட்ட கையுறையோடு லெட்டூஸை எடுப்பார். நீங்கள் கேட்க வேண்டியது மூன்றுதான்: பேட்டியில் என்ன இருக்கிறது, எதன் மேல் வேகிறது, கையுறை மாற்றுவீர்களா. அலுமினியத் தாள் விரித்தோ தனி வாணலியிலோ செய்து தரச் சொன்னால் பெரும்பாலும் செய்வார்கள்.

தவறிப்போய்ப் பன்னோடு வந்துவிட்டால் ஒரு தந்திரம். தட்டை அவர்களிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பன்னை எடுத்துப் போட்டுவிட்டு அதே பேட்டியைக் கொண்டுவந்து வைக்க வாய்ப்பு உண்டு. "இது இங்கேயே இருக்கட்டும், புதிதாக ஒன்று செய்து கொண்டுவாருங்கள்" என்று சொல்லுங்கள். எங்களுக்கு ஒருமுறை பேட்டியின் அடியில் எள்ளோடு பன் துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. அதிலிருந்து பழகிய பழக்கம்.

"அப்ப கிரில் சிக்கன், சாலட், சூப்புன்னு சிம்பிளா போயிடறேன். அது சேஃப்தானே?"

சிக்கனை எதில் ஊற வைத்தார்கள் என்று கேளுங்கள். சோயா சாஸ் என்றால் வழக்கமாக அது கோதுமை சேர்த்துக் காய்ச்சியது. சாலட்டில் ரொட்டித் துண்டு போட்டுப் பிறகு பொறுக்கி எடுப்பது நடக்கும். கெட்டியான சூப்பும் க்ரேவியும் மாவால்தான் பெரும்பாலும் கெட்டியாகின்றன. என் அனுபவத்தில் முழுசாகச் சுட்ட உருளைக்கிழங்கும், தோலோடு வரும் பழமும்தான் கேள்வி கேட்காமல் வாங்கக்கூடியவை. உருளைக்கிழங்கு மேல் எதையும் ஊற்ற வேண்டாம்.

"குளூட்டன் ஃப்ரீ பீட்சா கிடைக்குதாமே?"

பேஸ் தனி, சரி. அடுப்பு, வெட்டும் சக்கரம், மாவு படிந்த மேசை எல்லாம் பொது. மேலே சொன்ன 2019 ஆய்வில் அதிகம் மாட்டியதும் பீட்சாதான், பாதிக்கு மேல். சீல் பிரிக்காத தட்டில் வரும் உறைந்த பீட்சாவை அந்தத் தட்டோடே சூடாக்கித் தருகிற இடமென்றால் வாங்குவேன். இல்லாவிட்டால் இல்லை.

"கவுண்டர்ல இருக்கற பையனுக்கு ஒண்ணுமே தெரியல. பின்னாடி நூறு பேர் நிக்கறான். எப்படிக் கேக்கறது?"

அந்தப் பையன் சீசன் வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருக்கும். அவனிடம் பாடம் நடத்த வேண்டாம். "எங்களுக்கு மருத்துவக் காரணத்தால் குளூட்டன் கூடாது. மேனேஜரையோ செஃபையோ கூப்பிடுங்கள், நாங்கள் ஓரமாக நிற்கிறோம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்து நின்றுவிடுங்கள். வரிசை நகரும், உங்களுக்கும் பதற்றம் குறையும். கூப்பிட மறுக்கிற இடம் நமக்கான இடம் இல்லை.

எப்போது போகிறீர்கள் என்பது எங்கே போகிறீர்கள் என்பதைவிட முக்கியம். நாங்கள் காலை 11 மணிக்கு மதியச் சாப்பாடு முடித்துவிடுவோம். எண்ணெய் புதிது, தகடு சுத்தம், சமையல்காரருக்குக் காது கொடுக்க நேரம் இருக்கும். ஒன்றரை மணிக்கு அதே ஆள், அதே சமையலறை, ஆனால் வேறு உலகம்.

"சீலியாக் அலர்ஜி இல்லையே. அலர்ஜின்னு சொன்னா பொய்யாகாதா?"

மருத்துவப்படி பார்த்தால் அலர்ஜி இல்லைதான். ஆனால் சமையலறையில் அலர்ஜி என்ற சொல்லுக்குத்தான் நடைமுறை இருக்கிறது: தனி டிக்கெட் அச்சாகும், கையுறை மாறும், தட்டில் குச்சியோ ஸ்டிக்கரோ குத்தி வரும். 'குளூட்டன் வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் உடம்பு இளைக்கிற ஆசை என்று நினைத்துக்கொள்வார்கள். நான் கூச்சப்படாமல் 'சீலியாக், அலர்ஜி மாதிரியே கவனிக்க வேண்டும்' என்கிறேன். சும்மா வேண்டாம் என்று ஒதுக்குகிறவர்கள் அலர்ஜி என்று சொல்லிவிட்டு, கடைசியில் பக்கத்துத் தட்டிலிருந்து கேக்கைக் கிள்ளித் தின்பதுதான் எங்களுக்கு உலை வைக்கிறது.

"ஆப்ல ஆர்டர் போட்டா யார்கிட்டயும் பேச வேணாமே?"

ஆப்பில் ஒவ்வாமை மெனு தனிப் பகுதியாக இருந்தால் அதிலிருந்தே போடுங்கள். சாதாரண மெனுவில் பர்கரை எடுத்து 'பன் வேண்டாம்' என்று தட்டுவது பிடிக்காததை ஒதுக்கும் வசதி மட்டுமே. வாங்கும்போது "இது அலர்ஜி ஆர்டர்தானே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கைநீட்டுங்கள். பத்துத் தட்டு வரிசையாக இருக்கும் இடத்தில் தட்டு மாறுவது சகஜம்.

"பஃபேல நாமே பாத்து எடுத்துக்கலாமே, அது நல்லதுதானே?"

நாம் பார்த்து எடுப்போம், நமக்கு முன்னால் போனவர் பாஸ்தா கரண்டியைக் காய்கறியில் விட்டிருப்பார். பஃபேயில் நான் வரிசையில் நிற்பதே இல்லை. செஃபைக் கூப்பிட்டு, வரிசையில் வைக்காத புதுப் பாத்திரத்திலிருந்து உள்ளேயே எடுத்துத் தரச் சொல்வேன். மற்றபடி பழக்கமான செஃப் உள்ள பஃபே எங்களுக்கு நல்ல இடம்தான்.

"ஐஸ்கிரீம், பாப்கார்ன், பஞ்சு மிட்டாய்?"

பஞ்சு மிட்டாய் பொதுவாக வெறும் சர்க்கரையும் நிறமும்தான், வாங்கலாம். பாப்கார்ன் சோளம், மேலே தூவும் மசாலாவைக் கேளுங்கள். ஐஸ்கிரீமில் சிக்கல் கரண்டி: பிஸ்கெட் துண்டு போட்ட டப்பாவில் விட்டு, ஒரே வாளித் தண்ணீரில் முக்கி, அடுத்த டப்பாவில் விடுவார்கள். பாக்கெட்டில் வரும் குச்சி ஐஸை, பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள்.

"வெளிநாட்டுப் பார்க். பாஷையும் தெரியாது. என்ன பண்றது?"

அந்த நாட்டு மொழியில் அட்டை ஒன்று எழுதி எடுத்துப் போங்கள். 'குளூட்டன்' என்ற சொல்லை மட்டும் எழுதாமல் கோதுமை, பார்லி, ரை மூன்றையும், எண்ணெய், தகடு, கரண்டி விஷயத்தையும் எழுதுங்கள். சட்டங்கள் வேறுபடுவது இங்கேதான் உதைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் குளூட்டன் உள்ள தானியங்கள் எல்லாம் அடக்கம், உணவகத்துக்கும் பொருந்தும். அமெரிக்காவின் 2004 சட்டத்தில் இந்தத் தானியங்களில் கோதுமை மட்டும்தான். ஜப்பானில் பாக்கெட் உணவில் கட்டாயமாகக் குறிக்க வேண்டிய பட்டியலிலும் கோதுமை இருக்கிறது, பார்லி இல்லை. ஆகவே அங்கே 'கோதுமை இல்லை' என்ற குறி கோதுமை அலர்ஜிக்காரருக்குப் போதும், சீலியாக்குக்குப் போதாது. முதல் கேள்வியில் சொன்ன பார்லி இங்கே மறுபடி வருகிறது.

"தட்டுல வச்சு டெஸ்ட் பண்ற மெஷின் இருக்காமே?"

இருக்கிறது. ஆனால் அது சோதிப்பது நீங்கள் கிள்ளிப் போட்ட பட்டாணி அளவுத் துண்டை. துணுக்கு தட்டின் மறுபக்கம் இருந்தால் தெரியாது. சோயா சாஸ் மாதிரி புளிக்க வைத்தவற்றில் புரதம் உடைந்திருக்கும் என்பதால் அங்கேயும் நம்ப முடியாது. இருக்கிறது என்று காட்டினால் நம்புங்கள், இல்லை என்று காட்டினால் அரை மனதோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

"சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. இப்ப என்ன பண்றது?"

கோதுமை அலர்ஜி உள்ளவருக்கு மூச்சு, தொண்டை, உதடு வீக்கம் ஏதாவது தெரிந்தால் யோசிக்காமல் டாக்டர் கொடுத்த ஊசியைப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சீலியாக் அப்படி இல்லை. சாப்பிட்டதை முறிக்கும் மருந்து எதுவும் கிடையாது. கடையில் விற்கும் என்சைம் மாத்திரை காப்பாற்றாது. தண்ணீர், நிழல், கழிப்பறைக்குப் பக்கத்தில் ஓர் இடம். சுற்றுகிற ராட்டினங்களை அன்றைக்கு விட்டுவிடுங்கள். வாந்தி நிற்கவில்லை, குழந்தை துவண்டுவிட்டது என்றால் முதலுதவி அறைக்குப் போங்கள்.

ரசீதைப் படம் எடுத்து, எந்தக் கவுண்டர், எத்தனை மணி என்று மேனேஜரிடம் சொல்லுங்கள். சண்டைக்கு இல்லை. அன்றைக்கே அதே எண்ணெயில் இன்னொரு குழந்தைக்குப் பொரித்துக்கொண்டிருப்பார்கள்.

"எல்லாம் கேட்டாச்சு, எல்லாம் சரின்னுதான் சொல்றாங்க. ஆனா மனசு ஒப்பல. என்ன பண்றது?"

எழுந்து வந்துவிடுங்கள். குழந்தைக்குப் பசி, கணவர் முகம் சுளிக்கிறார், இருந்தாலும் எழுந்துவிடுங்கள். பையில் டப்பா வைத்திருப்பது இதற்காகத்தான். எல்லாவற்றுக்கும் 'ஆமாம் ஆமாம்' என்று சீக்கிரமாகத் தலையாட்டுகிறவரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

ஒரு பார்க்கில் பெரிய செஃப் ஒருவர் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தபடி வெளியே வந்து நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இன்று இந்தச் சமையலறையில் உங்கள் மகளுக்கு எதுவும் செய்ய மாட்டேன். மாவு பறக்கிறது" என்றார். பிறகு ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த சின்னக் கடையைக் காட்டி, தானே அங்கே போன் போட்டுச் சொல்லிவிட்டார். நாங்கள் நடந்து போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒரு பெண் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தாள்.